கயிறு கட்டக் கூடாத வீடு

1

நான் அமெரிக்கா வந்து நாலு வருஷம் நிறைந்த அன்றைக்கு எங்கள் வீட்டுக் கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். பால்கனியில் நான் கட்டியிருக்கும் துணிக்கயிற்றை அவிழ்த்துவிட வேண்டுமாம். தொங்குகிற துணி தெருவில் போகிறவர்கள் கண்ணில் படுகிறதாம்.

செல்வி அதை உரித்துக்கொண்டு வந்து சமையல் மேடையில் போட்டாள். செல்வி என் ஒரே மகள். இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் சட்டம் சொல்லிக்கொடுக்கிறாள்.

“இன்னாமா இது? அவுத்துடறேன்னு போன மாசமே நீ ஒத்துக்கினியாமே?”

“நானா? நான் யார்கிட்ட பேசினேன்?”

“கரோல்கிட்ட. லிஃப்ட்ல.”

கரோல் இந்தக் கட்டடத்தின் குடியிருப்போர் சங்கத் தலைவி. என் வயதுதான் இருக்கும். எப்போதும் ஒரு வெள்ளை நாயோடு வருவாள். அன்றைக்கு லிஃப்டில் நின்றபடி நீளமாக என்னவோ சொன்னாள். நான் வழக்கம்போல “ஓகே, ஓகே, தேங்க்யூ” என்று சொல்லி நாய்க்கு வழிவிட்டேன். எனக்கு இங்கிலீஷில் தெரிந்ததெல்லாம் சம்மதம் சொல்கிற வார்த்தைகள். வேண்டாம் என்று சொல்ல வாய் வராது. தமிழிலேயே வராது.

இதைப் படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியாது. எனக்குச் செவிலிமேடு. வீட்டுக்காரர் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தார். நான் வீட்டில் உட்கார்ந்து தறிக்காரர்களுக்குப் பட்டு இழை சுற்றிக் கொடுத்தேன். படித்தது அஞ்சாம் வகுப்பு. அவர் போன பிறகு, தனியாக இருக்க வேண்டாம் என்று செல்வி கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். நாலு பேர் முன்னால் பேச எனக்குக் கூச்சம். “பேச வெக்கமா இருந்தா எழுதும்மா, எழுதறப்ப யாரும் உன் மூஞ்சிய பாக்க மாட்டாங்க” என்று செல்விதான் சொன்னாள். அதனால் எழுதுகிறேன்.

சேலை விஷயத்துக்கு வருகிறேன். தினமும் காலையில் முந்தின நாள் சேலையைக் குளியல் தொட்டியில் போட்டுக் கசக்கி, அலசிப் பிழிந்து, பால்கனிக் கயிற்றில் போடுவேன். இங்கே துணி உலர்த்துகிற மெஷின் இருக்கிறது. முதல் மாதம் செல்வி சொன்னாளே என்று அதில் போட்டேன். ஆறு கஜச் சேலை உள்ளே போய் மாட்டுக் கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு வெளியே வந்தது. நடுவில் ஈரம், ஓரத்தில் சுடுகிறது, முகர்ந்தால் இஸ்திரிக் கடை நாற்றம். அதை உடம்பில் சுற்றிக்கொண்டு ஒரு நாள் பூராவும் இருக்க முடியுமா? அதற்குப் பிறகு மெஷினை நான் தொடவில்லை. கயிற்றை நானே வாங்கி, நானே கட்டினேன். இந்த நாட்டில் யாரையும் கேட்காமல் நான் செய்த காரியம் அது ஒன்றுதான்.

2

அந்த ஞாயிற்றுக்கிழமை சுதாகர் சாப்பிட வந்திருந்தார். செல்வியோடு அதே கல்லூரியில் சட்டம் சொல்லிக்கொடுப்பவர். வேலூர்க்காரர், வீட்டில் தெலுங்கு பேசுவார்கள், எங்கள் பேச்சு நன்றாக வரும். அவரும் செல்வியும் நல்ல சிநேகிதர்கள். ஆனால் சேர்ந்து உட்கார்ந்தால் சண்டைதான்.

சண்டை எதைப் பற்றி என்று எனக்குப் புரிந்த அளவுக்குச் சொல்கிறேன். சட்டம் படித்தவர்கள் இப்போது ரெண்டு கட்சியாகப் பிரிந்திருக்கிறார்களாம். ஒரு சட்டத்தை எப்படிப் படிப்பது என்பதுதான் வழக்கு. செல்வியின் கட்சிக்கு எழுத்துதான் சட்டம். எழுதிய காலத்தில் ஒரு சாதாரண ஆள் அந்த வார்த்தையைப் படித்து என்ன புரிந்துகொண்டிருப்பானோ, அதற்கு மேலே ஒரு நூல் கூட நகரக் கூடாது. சுதாகர் கட்சி வேறு. எந்தக் கஷ்டத்தைத் தீர்க்கச் சட்டம் போட்டார்களோ, அந்தக் கஷ்டத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் வார்த்தையைப் படிக்க வேண்டும் என்பார். செல்வி தன் கட்சிக்காக ஒரு தடிப் புத்தகமே எழுதியிருக்கிறாள். அட்டையில் அவள் அப்பா பேரும் சேர்ந்து இருக்கும்.

சுதாகர் நோட்டீஸைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

“இதுக்கு ஏன் பயப்படறீங்க? இந்த ஸ்டேட்ல ஒரு சட்டம் இருக்குது. சூரிய சக்திய யூஸ் பண்ற எந்த சாதனத்தையும் எந்த சங்கமும் தடுக்கக் கூடாது. அம்மா கட்டின கயிறு வெயில்ல துணிய காய வெக்குது. சூரிய சக்தி. கேஸ் முடிஞ்சுது!”

“முடியல” என்றாள் செல்வி. “அந்த சட்டம் கூரை மேல வெக்கற தகடுக்கு போட்டது. தெருவுல போறவன நிறுத்தி, ‘சூரிய சக்தி சாதனம் ஒண்ணு காட்டுப்பா’ன்னு கேளு. எவனாவது கொடிக்கயித்த காட்டுவானா?”

“மாட்டான். ஏன்னா அவன் வூட்ல டிரையர் ஓடுது.”

“ஜோக் அடிக்காத.”

“ஜோக் இல்ல. அந்த சட்டம் எதுக்கு? கரண்ட் செலவு கொறையணும். வெயில் சும்மா கெடக்குது, எடுத்துக்கோங்கன்னு போட்டாங்க. இந்த பில்டிங்லயே அத எடுத்துக்கினவங்க உங்கம்மா ஒருத்தர்தான். அவங்களுக்கு இல்லன்னா அந்த சட்டம் யாருக்கு?”

“உனக்கு புடிச்ச முடிவு வரணும்னு நீ வார்த்தைய இழுக்கற. இன்னிக்கி நீ நல்லதுக்கு இழுப்ப. நாளைக்கு வேற ஒருத்தன் கெட்டதுக்கு இழுப்பான். இழுக்கற கயிறு எப்பவும் பலசாலி கையிலதான் இருக்கும், சுதா.”

“சரி, வார்த்தைய வுடு. மனுஷன் மரியாதையா வாழறதுக்கு ஒரு உரிமை இருக்குதா இல்லியா? எந்த சட்டமா இருந்தாலும் அதுக்கு ஒத்து வராப்புல படிக்க வேணாமா?”

“எங்க எழுதியிருக்குது அந்த உரிமை? எழுதாத உரிமைய ஜட்ஜு நெனச்சா குடுப்பான், நெனச்சா புடுங்குவான். எழுதியிருந்தாதான் அவன் கைய கட்டும்.”

சுதாகர் தட்டை நகர்த்திவிட்டு என் பக்கம் திரும்பினார். “அம்மா, நீங்களே சொல்லுங்க. எங்க ரெண்டு பேர்ல நீங்க யார் கட்சி?”

“கொழம்பு ஊத்தட்டுமாபா?” என்றேன்.

ரெண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். ஆனால் சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது, சங்கத்தின் முன்னால் தானே வந்து இந்த வாதத்தை எடுத்துச் சொல்வதாகச் சுதாகர் சொன்னபோது, செல்வி சிரிக்கவில்லை.

“வேணாம். என் வூட்டு விஷயத்துல என் புத்தகத்துக்கு எதிரா ஒருத்தன் பேசி ஜெயிச்சா, நாளைக்கு நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு க்ளாஸ் எடுப்பேன்?”

“அம்மா சேலைய விட புஸ்தகம் பெருசா?”

அவள் மேஜையைத் துடைக்க ஆரம்பித்தாள். நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீரைக் கொஞ்சம் அதிகமாகத் திறந்துவிட்டேன், நான் கேட்டது அவளுக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்று.

3

இந்த நாட்டில் எதற்கும் ஒரு நாள் குறித்துக் கூப்பிட்டு, உட்காரவைத்து, காபி கொடுத்து, பிறகுதான் இல்லை என்பார்கள். நம் ஊர் ஆபீஸில் ஜன்னலிலேயே இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். எது மேல் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு பொது அறை. நீள மேஜைக்குப் பின்னால் கரோலும் இன்னும் ரெண்டு பேரும். பிஸ்கட் தட்டு. நாய் அவள் காலடியில் தூங்கிக்கொண்டிருந்தது.

“மிஸஸ் மாணிக்கம்” என்று கரோல் கூப்பிட்டாள்.

மாணிக்கம் என் வீட்டுக்காரர் பேர். பாஸ்போர்ட்டில் என் பேருக்குப் பின்னால் அவர் பேர் நிற்பதால் இங்கே எல்லாருக்கும் நான் மாணிக்கம்தான். ஆஸ்பத்திரியில், பேங்கில், எங்கே கூப்பிட்டாலும் செத்துப்போன மனிதர் எழுந்து வருவார் போல எனக்கு ஒரு நொடி திக்கென்று இருக்கும். என் பேர் குப்பம்மாள். அந்தப் பேரை இந்த ஊரில் ஒருத்தரும் கூப்பிட்டதில்லை.

செல்வி எழுந்து பேசினாள். வீட்டுக்கு வந்த பிறகு என்ன பேசினாள் என்று எனக்குத் தமிழில் சொன்னாள். ‘உங்கள் விதி பால்கனியிலும் பொது இடத்திலும் துணியைத் தொங்கவிடவோ, விரிக்கவோ, கட்டவோ கூடாது என்கிறது. என் அம்மா செய்தது அதற்குள் வருகிறது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்த விதி நல்ல விதி இல்லை. இதை மாற்றுங்கள் என்று கேட்கிறேன்.’ சூரிய சக்தியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளுக்குச் சரி என்று படாத வாதத்தைத் தன் அம்மாவுக்காகக் கூட அவள் பேச மாட்டாள். அவள் அப்பாவும் அப்படித்தான். சில்லறை இல்லை என்றால் டிக்கெட்டும் இல்லைதான், மாமனாரே பஸ்ஸில் ஏறினாலும்.

நான் ஏதாவது சொல்கிறேனா என்று கரோல் கேட்டாள். மரியாதையாகத்தான் கேட்டாள். ஒரு வாரமாகக் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு ரெண்டு வாக்கியம் இங்கிலீஷில் பழகி வைத்திருந்தேன். ‘இது என் துணி. சுத்தமான துணி.’ அவ்வளவுதான். எழுந்து நின்றேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நாய்கூட முழித்துக்கொண்டு பார்த்தது. “தேங்க்யூ” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

விதி விதிதான் என்று முடிவு செய்தார்கள். மேஜையின் ஓரத்தில் இருந்த கிழவர் ரொம்பப் பரிவாக ஒரு யோசனை சொன்னார். வீட்டுக்குள்ளேயே ஒரு மடக்கு ஸ்டாண்டு வைத்துக்கொள்ளலாமாம், கதவைச் சாத்திவிட்டால் யாருக்கும் தெரியாதாம்.

4

லிஃப்டில் ஏறினதும் சொன்னேன். “எனக்கு டிக்கெட் போட்டுடு.”

“எங்கமா?”

“வூட்டுக்கு.”

“ஒரு கயித்துக்காகவா? ஸ்டாண்டு வாங்கித் தரேன். ரெண்டு ஸ்டாண்டு வாங்கித் தரேன்.”

“கயித்துக்கு இல்லடி.”

“பின்ன இன்னாத்துக்கு?”

“என் துணி கண்ணுல படக்கூடாதுன்னு மறுபடி ஒருத்தர் சொல்ற எடத்துல நான் இருக்க மாட்டேன்.”

அவள் லிஃப்டின் நிறுத்து பொத்தானை அழுத்திவிட்டாள் போலிருக்கிறது. நின்றுவிட்டது. “அம்மா, அவங்க உன்ன சொல்லல. எல்லாருக்கும் அதே ரூல்தான். மூணாவது மாடில அந்த சைனாக்காரம்மா மீன் காய வெச்சதுக்கும் இதே நோட்டீஸ்தான் குடுத்தாங்க.”

“அப்ப அவங்களும் கெளம்பட்டும்.”

“சுதா சொல்றத நான் பேசியிருந்தா ஜெயிச்சிருக்கலாம்னு நெனக்கறியா? அதுக்காகவா கோவம்?”

“உம் மேல எனக்கு இன்னா கோவம்? நீ நம்பாதத பேச மாட்ட. பேசாத. ஆனா நானும் இருக்க மாட்டேன்.”

ஊர் ஆசையில் கிளம்புகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். செவிலிமேட்டில் எனக்காக ஒன்றும் காத்துக்கொண்டிருக்கவில்லை. கீழ்வீட்டில் குடித்தனக்காரர்கள், மாடியில் ஒரு அறை, சாயங்காலம் ஆனால் ஆளைத் தூக்குகிற கொசு. பக்கத்து வீட்டுக்காரிகள் எல்லாரும் வேலைக்குப் போய்விடுவார்கள். இங்கே என் மகள் இருக்கிறாள். சாயங்காலம் அவள் கதவைத் திறக்கிற சத்தத்துக்காக நாலு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். பாதி நாள் அதே வீட்டுக்குள் இருந்துகொண்டு, அவள் அறையிலிருந்து என் போனுக்கு ‘சாப்டியா’ என்று மெசேஜ் அனுப்புவாள். அதுவாவது இருக்கிறது. அதை விட்டுவிட்டுப் போக எனக்கு மட்டும் ஆசையா? ஆனாலும் மொட்டைமாடியில் ஒரு கயிறு இருக்கிறது. யாரும் அவிழ்க்கச் சொல்ல மாட்டார்கள்.

மறுநாள் சாயங்காலம், நாற்காலியைப் போட்டு ஏறிக் கயிற்றை நானே அவிழ்த்தேன். செல்வி கல்லூரியிலிருந்து வந்து பால்கனி வாசலில் பையோடு நின்றாள்.

“நேத்திக்கு லிஃப்ட்ல சொன்னியே. ‘மறுபடி ஒருத்தர் சொல்ற எடத்துல’ன்னு. இதுக்கு முன்ன யார் சொன்னாங்க உங்கிட்ட?”

இந்தக் கேள்வி அவளிடமிருந்து வராமல் இத்தனை வருஷம் பார்த்துக்கொண்டேன். நான் பிறந்த ஊர் எது என்று யார் கேட்டாலும் ‘ஏனாத்தூர் பக்கம்’ என்பேன், அதோடு நிறுத்திவிடுவேன். வீட்டுக்காரருக்கும் அதே யோசனைதான். புது மனையில் வீடு கட்டி, அவளை கான்வென்ட்டில் சேர்த்தோம். அவள் புத்தகப் பையோடு இதையும் சுமக்க வேண்டாம் என்று நினைத்தோம். அப்படிச் செய்தது சரிதான் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அவளுக்கு இப்போது தலை நரைக்க ஆரம்பித்துவிட்டது. சொன்னேன்.

5

ஏனாத்தூர் பக்கம் எங்கள் ஊர். ஊர் வேறு, காலனி வேறு. காலனி ஏரிக்குக் கீழே பள்ளத்தில் இருந்தது. வருஷத்தில் பாதி நாள் தரையில் கால் வைத்தால் ஈரம் ஊறும். துணி காய வைக்க உயரமான இடம் என்று இருந்தது ஏரிக்கரை ஒன்றுதான். காலனிப் பெண்கள் வேலைக்குப் போகிற முன்னால் துவைத்து, கரையில் இருந்த புதர் மேல் போட்டுவிட்டுப் போவார்கள்.

அதே கரைதான் ஊர்க்காரர்கள் வயலுக்குப் போகிற வழி. ‘விடிஞ்சா இதுங்க துணியிலியா முழிக்கறது’ என்று ஆரம்பித்தது. காலனிக்காரர்கள் கரையில் வரக் கூடாது என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. பொது வழி எல்லாருக்கும் பொது என்று சட்டம் வந்திருந்தது. காலனி வாத்தியார் அதை எல்லாரையும் உட்காரவைத்துப் படித்துக் காட்டியிருந்தார்.

அதனால் ஒரு நாள் ஊர்க் கணக்குப்பிள்ளை வந்தார். குடையை ஊன்றிக்கொண்டு கரை மேல் நின்று சொன்னார். “சட்டம் இன்னா சொல்லுது? பொது வழியில எல்லாரும் நடக்கலாம். நடங்க. யாரு வேணான்னது? துணி காயப் போடலாம்னு சட்டத்துல எங்க இருக்குது?”

கரையில் அந்தப் பக்கம் பூராவும் ஊர்க்காரர்களின் வரட்டி காய்ந்துகொண்டிருந்தது. என் அம்மா ஈரச் சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு அதைக் காட்டினாள்.

“அப்ப அந்த வரட்டிங்க? அதுங்க நடந்துக்கினா இருக்குது?”

காலனிப் பெண்கள் சிரித்தார்கள். கணக்குப்பிள்ளைக்கு முகம் சிவந்துவிட்டது.

“அது வழக்கம்” என்றார்.

எங்களுக்கு எழுத்து, அவர்களுக்கு வழக்கம். ஒரே கரை, அரை மணி நேரத்துக்குள். அன்றைக்குப் புதர் மேல் இருந்த துணியை எல்லாம் குச்சியால் தள்ளிக் கீழே போட்டார்கள். கையால் தொடவில்லை.

மறுநாள் விடிந்ததும் என் அம்மா சேலையைத் துவைத்துப் பிழிந்தாள். ஒரு தலைப்பை அவள் பிடித்தாள், மறு தலைப்பைச் சின்னம்மா கையில் கொடுத்தாள். சேலை நிலத்தில் படாமல் ரெண்டு பேரும் விறைப்பாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கரையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்தார்கள். திரும்பினார்கள். மறுபடி நடந்தார்கள். ஏரிக் காற்று சேலைக்குள் புகுந்து பாய் மாதிரி உப்பியது. கொடி இல்லாத இடத்தில் ஆள் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து ஈரம் ஆற்றுவது எங்கள் பெண்களுக்குக் கைவந்த காரியம்தான். அதை நடந்துகொண்டே செய்தார்கள், அதுதான் புதுசு.

கணக்குப்பிள்ளை குடையோடு ஓடி வந்தார். “இன்னாடி இது கூத்து?”

“நடக்கறோம்” என்றாள் அம்மா.

நிற்கவும் இல்லை. அவர் முகத்தைப் பார்க்கவும் இல்லை. பின்னாலேயே இன்னொரு ஜோடி வந்தது. அதன் பின்னால் இன்னொரு ஜோடி. நான் என் பாவாடையை ரெண்டு கையாலும் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு கடைசியில் ஓடினேன். எவ்வளவு கூச்சமாக இருந்தது தெரியுமா? எல்லாரும் பார்க்கிறார்கள். ஆனாலும் நிற்கவில்லை, நின்றால் அது நடப்பதாகாதே.

உங்களுக்கு வேலை கிடையாது என்று மிரட்டினார்கள். கொஞ்ச நாள் கொடுக்கவும் இல்லை. கஞ்சிக்கே கஷ்டமாகப் போனது. பிறகு நடவு வந்தது, கை வேண்டியிருந்தது. சட்டத்தை யாரும் மாற்றவில்லை. எங்களைப் பார்த்துப் பார்த்து அவர்களுக்குச் சலித்துப்போனது, அவ்வளவுதான். ஒரு நாள் அம்மா நடக்காமல் சேலையைப் புதர் மேல் போட்டாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

6

செல்வி என் கையிலிருந்த கயிற்றை வாங்கி அவளே சுற்றி வைத்தாள். பிறகு என்ன செய்தாள் தெரியுமா? சுதாகருக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் போட்டு, கதை பூராவும் ஒன்று விடாமல் சொன்னாள். கடைசியில், “பாத்தியா சுதா, எங்க ஆயா என் கட்சி! ‘நடக்கலாம்’னு எழுதியிருக்குதா, நடந்தாங்க. எழுத்து இல்லன்னா அந்த ஆளு கரை மேலயே ஏற வுட்டிருக்க மாட்டான்” என்றாள். அழுதுகொண்டே சொன்னாள்.

அந்தப் பக்கம் சுதாகர் விடுவாரா? “இன்னா நீ! எழுத்த புடிச்சிக்கினு தொங்கினது அந்த கணக்குப்பிள்ள. அவன்தான் உன் கட்சி. சட்டம் எதுக்கு வந்தது, அந்த ஜனங்க எல்லாரையும் போல வாழணும்னு. அத புரிஞ்சிக்கினது உங்க ஆயா. அவங்க நம்ம ஆளு!”

“அவன் எழுத்த எங்க புடிச்சான்? வரட்டிக்கு வழக்கம்னானே!”

“அதான் நானும் சொல்றேன்—”

என் வாழ்க்கையில் நான் சத்தம் போட்டதை விரல் விட்டு எண்ணிவிடலாம். அன்றைக்குப் போட்டேன்.

“ரெண்டு பேரும் வாய மூடுங்கபா. எங்கம்மா உங்க எவரு கட்சியும் இல்ல. அவகிட்ட இருந்தது ரெண்டு சேலை. ஒண்ணு ஒடம்புல, ஒண்ணு தண்ணியில. அது காயலன்னா மறுநாள் வேலைக்கு ஈரத்தோட போவணும். அதான் அவ கட்சி.”

போனில் சுதாகர் மெதுவாக, “சரிங்கமா” என்றார்.

ரெண்டு பேரும் கெட்டிக்காரர்கள், நல்லவர்கள். செல்வி சொல்வதும் நிஜம்தான். அந்த ஒரு வார்த்தை எழுதியிருக்கவில்லை என்றால் அம்மாவுக்குக் கால் வைக்கவே இடம் இருந்திருக்காது. சுதாகர் சொல்வதும் நிஜம்தான். வெறும் நடக்கிறதுக்காகவா யாராவது சட்டம் கேட்டுப் போராடுவார்கள்? ஆனால் ரெண்டு பேரும் சட்டத்தைப் படிக்கிற இடத்திலிருந்து பேசுகிறார்கள். அதைப் படித்துக் காட்டுகிறபோது கீழே நின்று கேட்டவர்கள் நாங்கள். குடையோடு வருகிறவர் இன்றைக்கு எழுத்தைக் கொண்டு வருகிறாரா வழக்கத்தைக் கொண்டு வருகிறாரா என்று எங்களுக்கு முன்கூட்டித் தெரியாது. எது வந்தாலும் மறுநாள் காலையில் சேலையைத் துவைத்துத்தான் ஆக வேண்டும்.

கரோலைக் கணக்குப்பிள்ளை என்று நான் சொல்ல மாட்டேன். அவள் என்னை லிஃப்டில் முதலில் ஏறச் சொல்கிறவள். அவள் மனதில் கெட்ட எண்ணம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் வேண்டாம். என் சேலை கண்ணில் படக்கூடாது என்று ரெண்டு தடவை, ரெண்டு தேசத்தில், ரெண்டு பாஷையில் கேட்டாகிவிட்டது. ரெண்டாவது பாஷை எனக்குப் புரியவில்லை என்பதால் அது வலிக்காமல் போய்விடுமா?

7

மறுநாள் காலையில் என் நீலச் சேலையைத் துவைத்தேன். நன்றாகப் பிழிந்து வாளியில் வைத்துக்கொண்டு லிஃப்டில் கீழே இறங்கினேன்.

எங்கள் கட்டடத்தைச் சுற்றிப் புல்தரை. அதன் நடுவில் வளைந்து போகிற ஒரு நடைபாதை, ஒரு பக்கம் சின்னக் குளம். காலையில் வயசானவர்கள் சுற்றுவார்கள். நானும் வந்த புதிதில் சுற்றியிருக்கிறேன், ஓரமாக, யார் எதிரே வந்தாலும் புல்லில் இறங்கி நின்றுகொண்டு. அன்றைக்கு நடுப்பாதையில் வாளியை வைத்துவிட்டு ஒரு தலைப்பை எடுத்தேன். அப்போதுதான் தோன்றியது, மறு தலைப்பைப் பிடிக்க ஆள் இல்லை. அம்மாவுக்குச் சின்னம்மா இருந்தாள். ஒரு தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு மறு தலைப்பைக் கை எட்டிய மட்டும் விரித்துப் பிடித்தேன். பாதிச் சேலை வாளிக்குள்ளேயே கிடந்தது. எப்படி நடப்பது? நின்றேன். காது சுட்டது. ஓடிப்போய் லிஃப்டுக்குள் நுழைந்துகொள்ளலாமா என்று இருந்தது.

“தூக்கிப் புடி, புல்லுல படுது!”

செல்வி. கல்லூரிக்குப் போகிற கறுப்புக் கோட்டும் ஷூவுமாக, தலைகூட வாராமல் ஓடி வந்தாள். வாளிக்குள் கைவிட்டு மறு தலைப்பை எடுத்தாள். தண்ணீர் அவள் கோட்டுக் கையில் வழிந்தது.

“ரூல மறுபடி படிச்சிட்டு வந்தேன். தொங்கவிடக் கூடாது, விரிக்கக் கூடாது, கட்டக் கூடாது. அவ்ளோதான் எழுதியிருக்குது.”

“கீழ பட்டா விரிச்சாப்புல ஆயிடும். விறைப்பா புடிடி.”

“புடிச்சிக்கினுதான் இருக்கேன்! நீ வேகமா போற!”

“எங்கம்மா இன்னும் வேகமா போவா.”

நடந்தோம். அவளுக்குப் பழக்கம் இல்லை. கையைத் தாழ்த்திவிடுவாள், வளைவில் சேலையோடு சுற்றிக்கொள்வாள். குளத்தங்கரை மரத்தடியில் திரும்பும்போது காற்று வந்து சேலையைத் தூக்கியது. உப்பி, நீலமாக, எங்கள் ரெண்டு பேர் தலைக்கும் மேலே போனது. அவள் கத்திவிட்டாள். பால்கனிகளில் ஆட்கள் வந்து நிற்பது தெரிந்தது. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. கூச்சம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். கூச்சத்தோடுதான் நடந்தேன்.

எதிரே கரோல் வந்தாள், நாயோடு. பாதையின் நடுவில் நின்றாள். சேலையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், செல்வியைப் பார்த்தாள். ஏதோ கேட்டாள். செல்வி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அவள் இங்கிலீஷ் நீளமாக, அழகாக வரும். அதற்கு முன்னால் என் வாயிலிருந்து வந்துவிட்டது.

“வாக்கிங்” என்றேன்.

நான் புல்லில் இறங்கவில்லை. கொஞ்ச நேரம் நாங்கள் ரெண்டு கிழவிகளும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு நாய் சேலையின் ஓரத்தை முகர வர, அவள் அதை இழுத்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கினாள். நாங்கள் தாண்டிப் போனோம்.

“அம்மா” என்றாள் செல்வி பின்னாலிருந்து. சிரிப்பில் மூச்சு வாங்கியது. “அடுத்த மீட்டிங்ல ‘புடிச்சிக்கினு நடக்கவும் கூடாது’ன்னு சேத்து எழுதிடுவாங்க.”

“எழுதட்டும். அவங்க எழுதி முடிக்கறதுக்குள்ள இது காஞ்சிடும்.”

கொஞ்ச தூரம் போனதும் கேட்டாள். குரல் இப்போது சின்னதாக இருந்தது. “டிக்கெட்டு பாக்கட்டுமா?”

கையில் சேலை இன்னும் கனத்தது. பாதை முடிகிற இடம் வந்துவிட்டது. நான் திரும்பினேன். அவளும் சேலையோடு சுற்றித் திரும்பி என் முகத்தைப் பார்த்து நின்றாள்.

“நிக்காதடி” என்றேன். “நட.”